வெள்ளை எழுத்து உள்ளேயா, வெளியேயா

அரநாயக்க
2025 மே 6

அன்புள்ள ஆஸியா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால்தான் மழை வருவதை எங்களுக்கு முன்னால் அறிந்து சொல்கிறது. நீங்களும் மகள் நப்லாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்களைத் தனியே விட்டுக் கபூர் நானா மௌத்தாகி ஒரு மாதம் ஆகிறது. ஜனாஸா அன்று நான் வெளியே ஆண்களோடு நின்றேன். உங்கள் டயர் கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. அவர் கடைசியாக அடுக்கி வைத்த டயர்கள் உள்ளே அப்படியே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது ஒரு வியாபார விஷயம். கடையை உங்கள் வேலையாள் சின்னத்தம்பி திறந்து வைத்திருக்கிறார், ஆனால் எது வாங்குவது என்று கேட்டால் "அக்காவைக் கேட்டுத்தான் சொல்லணுங்க" என்கிறார். நீங்கள் இத்தா என்று வீட்டோடு இருக்கும்போது மச்சான்முறைக்காரன் நான் போன் எடுப்பது சரியில்லை. எங்கள் பக்கம் சிக்னலும் மலை ஏறித் தேட வேண்டிய பொருள். அதனால் எழுதுகிறேன்.

என் டபுள் கெப் உங்களுக்குத் தெரியும். கபூர் நானா "கிழட்டு யானை" என்று பகிடி பண்ணுவாரே, அதே வண்டிதான். மண்சரிவுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கிற பீலி வற்றிவிட்டது. மழைநாளில் ஓடை நிறையத் தண்ணீர் ஓடும், அத்தனையும் சேறு. குடிக்கிற தண்ணீரை நான்தான் பவுசரில் நிரப்பி, கெப்பின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிறேன். இருப்பது டவுனுக்கு ஓடுகிற டயர்கள், அதுவும் மொட்டை. சேற்றில் சும்மா சுழல்கின்றன. மட் டயர் போடுவதா, ஓல் டெரேன் என்கிறார்களே அதைப் போடுவதா?

அவசரம் இல்லை. உங்களுக்கு மனம் வரும்போது பதில் எழுதுங்கள்.

துஆவுடன்,
அஸ்ஹர்

---

ருவான்வெல்லை
2025 மே 13

அன்புள்ள அஸ்ஹர் மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம். மாமியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் போடச் சொல்லுங்கள், ஆனால் மாமி போட மாட்டா, எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தைக் கண்டதும் முதலில் பயந்தேன். இந்தக் காலத்தில் கடிதம் என்றால் வங்கியிலிருந்துதான் வரும். பிறகு மௌலவியின் மனைவியிடம் கேட்டேன். புருஷனை இழந்தவள் இந்த நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து வியாபாரக் கடிதம் எழுதினால் குற்றமில்லை என்றா. ஆகவே இது வியாபாரக் கடிதம்.

என் அறையின் சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்தான். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் போவது பனிக்குள் பாதி தெரியும், பாதி தெரியாது. வெளியே ரப்பர் மரமாக நிற்கிறது, முன்னால் கடையில் டயராகக் கிடக்கிறது, நடுவில் நான் வெள்ளை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன கிழமை ஒரு கனவு. கடையிலிருந்த டயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து, சத்தமே இல்லாமல் பாதையில் உருண்டு போகின்றன. அவர் பின்னால் நின்று "விடு, விடு, திரும்பி வரும்" என்கிறார். விழித்தபோது அழவில்லை. கொஞ்சம் சிரித்தேன்கூட.

சரி. மட் டயரா மற்றதா என்று கேட்டால் உடனே சொல்ல முடியாது. அவர் எப்போதும் சொல்வார்: வண்டியைக் கேட்காதே, பாதையைக் கேள். உங்கள் பாதையில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு? இறக்கம் எங்கே? இப்போதிருக்கும் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்களை அப்படியே பார்த்து எழுதுங்கள். பவுசர் எத்தனை லீட்டர்?

வஸ்ஸலாம்,
ஆஸியா

---

அரநாயக்க
2025 மே 24

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எண்ணெய் போடவில்லை. நீங்கள் சொன்னதாகச் சொன்னேன், "எனத்துக்குப் புள்ள, அவக்கு இப்ப என்ட முழங்காலா கவலை" என்று கண் கலங்கினா. உங்களுக்கும் நப்லாவுக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறா.

எண்களைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பவுசர் ஆயிரம் லீட்டர்.

பாதையைக் கேட்டீர்கள். அதைச் சொல்ல ஒரு கடிதம் போதுமா தெரியவில்லை. பவுசர் நிரப்பும் இடத்திலிருந்து கோயிலடி வரைக்கும் தார். அதற்குப் பிறகு கொங்கிரீட் துண்டு ஒன்று, பிறகு செம்மண். காலையில் போனால் பனி இறங்கி நிற்கும். என் கண்ணுக்குப் பொனட் மட்டும்தான் தெரியும். பாதை இல்லை, தேயிலை இல்லை, பின்னால் பவுசரும் இல்லை. ஆனால் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கும். யாரோ பின் சீட்டில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வருவது மாதிரி. அந்த நேரம் நான் வண்டி ஓட்டுகிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு திடீரென்று லயத்து நாய் குரைக்கும், லயத்து மூக்காயி வாளியோடு நிற்பா, பனி விலகிவிடும்.

மூன்று தங்கச்சிமாரையும் கரை சேர்த்து முடிப்பதற்குள் எனக்கு ஐம்பது வந்துவிட்டது. அதுவரை ஓடியதெல்லாம் அவர்களுக்காக ஓடியது. இந்தத் தண்ணீர் வேலை மட்டும்தான் எனக்காகப் பிடித்துச் செய்கிறேன். இதை எதற்கு எழுதினேன் தெரியவில்லை. டயர் விஷயத்துக்குத் தேவையில்லைதான்.

திரும்பி வரும்போது தார் இறக்கம், இடப்பக்கம் பள்ளம். பவுசரில் சில நாள் பாதித் தண்ணீர் மிச்சம் இருக்கும்.

அஸ்ஹர்

---

ருவான்வெல்லை
2025 ஜூன் 2

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே அனைவரும் நலம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. இந்த வருடம் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை, நீங்கள் மாமியோடு நல்லபடி கொண்டாடுங்கள்.

உங்கள் பாதையை இரண்டு தரம் வாசித்தேன். கண்ணை மூடினால் நானே அதில் போகிறேன். வீட்டை விட்டு இறங்காத எனக்கு அது ஒரு பயணம், அதற்கு நன்றி. ஆனால் பனிக்குள் தூங்குகிறேனா ஓட்டுகிறேனா என்று சந்தேகப்படுகிற சாரதிக்கு முதலில் விற்க வேண்டியது டயர் இல்லை, கறுப்புக் கோப்பி.

மட் டயர் சேற்றை நன்றாகக் கடிக்கும். ஆனால் அதன் கட்டிகளுக்கிடையில் இடைவெளி பெரிது, நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் வழுக்கும். இறக்கத்தில் பின்னாலிருந்து பவுசர் தள்ளத் தள்ள ஓட்டுகிறவருக்கு அது சரிவராது. உங்கள் வண்டி ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கிற வண்டி. அதற்கென்று செய்ததுதான் ஓல் டெரேன். செம்மண்ணிலும் பிடிக்கும், தாரிலும் நிற்கும். அதிலும் கார்க்காரர்கள் போடுகிற மெல்லிய சாதி வேண்டாம். இழுவைக்கென்று பக்கச் சுவர் தடித்த சாதி இருக்கிறது. அது மெல்லியதைவிடக் கொஞ்சம் முரடு, உங்கள் இடுப்புக்குத் தெரியும். ஆனால் பாரம் இழுக்கும்போது நெளியாது.

இன்னொன்று. பாதித் தண்ணீரோடு வண்டியை இறக்காதீர்கள். வளைவில் அது ஒரு பக்கம் ஓடி வண்டியை இழுத்துவிடும். முழுதாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுதாகக் கொட்டிவிடுங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது பவுசருக்கும் சேர்த்துத்தான்.

நாலு டயர் ஒதுக்கிச் சின்னத்தம்பியிடம் சொல்லிவிட்டேன். எந்த நாளும் வந்து பூட்டிக்கொள்ளலாம். நான் உள்ளேதான் இருப்பேன், ஆனால் காற்றடிக்கிற சத்தத்தில் வேலை சரியா பிழையா என்று சொல்லிவிடுவேன்.

ஆஸியா

---

அரநாயக்க
2025 ஜூன் 19

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் சுகமாக முடிந்தது. உம்மா உங்கள் பங்கு இறைச்சியைப் பொதி செய்து ஒரு மூலையில் வைத்துவிட்டு, பிறகு எடுக்க வரக் கபூர் நானா இல்லையே என்று நினைவு வந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா. பழக்கம்.

உங்கள் ஆலோசனை நூற்றுக்கு நூறு சரி. ஓல் டெரேனேதான். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் சில சந்தேகம். ஸ்பெயார் வீலுக்கும் அதே சாதி வேண்டுமா? ஓடும்போது சத்தம் வரும் என்கிறார்களே, எப்படிப்பட்ட சத்தம்? பிறகு, ஒரு படத்தில் பார்த்தேன், டயரின் ஒரு பக்கத்தில் பெரிய வெள்ளை எழுத்து இருக்கிறது. அந்த வெள்ளை எழுத்தை வெளியே தெரியப் பூட்டுவதா, உள்ளே திருப்பிப் பூட்டுவதா? இதில் உங்கள் அபிப்பிராயம் எனக்கு முக்கியம்.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. மாலையில் பவுசரைக் கழற்றிவிட்டு கெப்புக்குள் சும்மா உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியில் வழிகிற மழையில் எதிரே உள்ள மலை கரைந்து கரைந்து திரும்ப வரும். உங்கள் சன்னலில் மழை எப்படி விழுகிறது?

கடிதத்தோடு கொஞ்சம் மிளகு அனுப்புகிறேன். நப்லாவுக்கு இருமல் என்று சின்னத்தம்பி சொன்னார்.

அஸ்ஹர்

---

ருவான்வெல்லை
2025 ஜூன் 25

மச்சான்,

ஸலாம். இருமல் சுகம். மிளகு நல்ல காரம், மாமியின் கொடிதானே?

ஸ்பெயாருக்கும் அதே சாதி. சத்தம் தேனீக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி, பழகிவிடும். வெள்ளை எழுத்து எந்தப் பக்கம் இருந்தாலும் டயர் ஒரே மாதிரித்தான் ஓடும்.

"ஒரு டயருக்கு இத்தனை கடிதமா உம்மா?" என்று நப்லா கேட்டாள். மாமா கவனமான ஆள் என்றேன். அவள் மிளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கவனமான ஆள் மழைக்காலத்தில் மொட்டை டயரில் ஓட மாட்டான். வந்து பூட்டுங்கள்.

என் சன்னலில் மழை சரிவாக விழுகிறது.

ஆஸியா

---

அரநாயக்க
2025 ஜூலை 12

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கையில் சின்னச் சுளுக்கு. வேறொன்றுமில்லை. கெப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஒரு கனவு. பீலி திரும்ப ஓடுகிறது. லயத்தில் எல்லோரும் கை நீட்டி நிற்கிறார்கள். எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் கீழே உங்கள் ஊர் வரைக்கும் ஓடி வருகிறது.

நப்லாவுக்கு என் ஸலாம்.

அஸ்ஹர்

---

ருவான்வெல்லை
2025 ஜூலை 15

அஸ்ஹர் மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய்.

மூக்காயி சின்னத்தம்பியின் சொந்த அக்கா என்பது உங்களுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்க வந்தவ என் அறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் கேளுங்கள்: "மொதலாளி வண்டி ஏறவே இல்லீங்க அக்கா. சக்கரம் சும்மா சுத்துது, வண்டி பின்னால பின்னால வழுக்கிக்கிட்டு வருது. பவுசர் பள்ளத்துப் பக்கம் திரும்பிருச்சு. நாங்க பொம்பளைங்க எல்லாம் ஓடிப் போய் கல்லு கல்லா எடுத்துப் போட்டுத்தான் நிப்பாட்டினோம். மொதலாளி ஸ்டேரிங்க விடவே இல்ல. கையப் பிரிச்சுத்தான் எடுத்தோமுங்க."

சின்னச் சுளுக்காம்.

நாலு டயர் ஜூன் மாதத்திலிருந்து இங்கே உங்களுக்காகக் காத்துக் கிடக்கிறது. ஸ்பெயாருக்கு எந்தச் சாதி, சத்தம் எப்படி, வெள்ளை எழுத்து உள்ளேயா வெளியேயா! நான் மடைச்சி இல்லை. நீங்கள் ஏன் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். வாங்கிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. எனக்கும் அது தெரிந்துதான் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினேன். அதனால் அந்தப் பள்ளத்தில் நீங்கள் போயிருந்தால் பாதிப் பழி எனக்கும்தான்.

ஒரு தரம் வெள்ளை உடுத்திவிட்டேன். இன்னொரு தரம் என்னை உடுத்த வைக்காதீர்கள்.

ஆஸியா

---

அரநாயக்க
2025 ஜூலை 20

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். என் கையும் மெய்யாகவே சுகம், மூக்காயியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கெப்பை நாலு பலாக்கட்டை மேல் ஏற்றி நிறுத்திவிட்டேன். மொட்டை டயர் நாலையும் கழற்றி மூக்காயியிடம் கொடுத்தேன், மிளகாய்க் கன்று நடப் போகிறா. வெறும் ரிம் நாலும் இந்தக் கடிதத்தோடு லொறியில் வருகின்றன. அதில் புது டயரை ஏற்றி வையுங்கள். அதுவரை தண்ணீருக்கு ஒரு டிரக்டர் வாடகைக்குப் பிடித்திருக்கிறேன், லயத்தில் யாரும் தாகத்தோடு இல்லை.

டயரை எடுக்க நானே வருவேன். இப்போது இல்லை. கடைக்கு முன்னால் வந்து, உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு, டயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

உங்கள் கடைசி வரியை வாசித்தேன். அதற்குப் பதில் இருக்கிறது. எழுத எனக்கு இன்னும் அனுமதி இல்லை. இத்தா முடிகிற நாள்வரை பொறுத்திருப்பேன். அதற்கு ஒரு நாள்கூடப் பிந்த மாட்டேன்.

அஸ்ஹர்

---

ருவான்வெல்லை
2025 ஜூலை 23

மச்சான்,

ஸலாம். சுகம், சுகமறிய ஆவல்.

ரிம்கள் கிடைத்தன. டயர் ஏற்றியாகிவிட்டது. லொறியில் அனுப்ப வேண்டுமானால் அறிவிக்கவும்.

என் போன கடிதத்தின் கடைசி வரியை மழை நனைத்து அழித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும்.

இது வியாபாரக் கடிதம்.

ஆஸியா

---

அரநாயக்க, உங்கள் வீட்டு வாசல்
2025 ஆகஸ்ட் 13

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இது தபாலில் வரவில்லை. உங்கள் கெப்பின் வைப்பரில் செருகியிருக்கிறேன்.

என் இத்தா ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. குளித்து, நிறச் சேலை உடுத்தி, கடையில் போய் உட்கார்ந்தேன். ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. முதலில் அவருக்காகக் கொஞ்சம் அழுதேன். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்களும் பார்த்தேன். செவ்வாயும் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிந்த மாட்டேன் என்று எழுதிய மனிதரைக் காணவில்லை. பயந்துவிட்டாரோ, பனிக்குள் பேசியதெல்லாம் பனியோடு போய்விட்டதோ என்று நேற்று நெஞ்சு ஒடிந்தேதான் போயிருந்தேன்.

காலையில் நப்லாதான் சொன்னாள், "உம்மா, டயரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாவது வருவோம், லயத்துச் சனத்துக்குத் தண்ணி வேணும்தானே." லொறியில் ஏற்றிக்கொண்டு சின்னத்தம்பியோடு வந்தோம். நீங்கள் டிரக்டரில் தண்ணீர் கொண்டு மேலே போயிருக்கிறீர்கள். மாமி எங்களை உள்ளே கூட்டிப்போய் தேத்தண்ணி தந்து, சுவரில் இருந்த கலண்டரைக் காட்டினா. பதினான்காம் திகதிக்கு வட்டம் போட்டிருக்கிறீர்கள். நாளைக்கு.

மச்சான், நீங்கள் இங்கிலீஷ் மாதத்தில் எண்ணியிருக்கிறீர்கள்! நோன்பையும் பெருநாளையும் பிறை பார்த்துப் பிடிக்கிற மனிதர், இதை மட்டும் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறீர்கள். நம்முடைய மாதம் சின்ன மாதம் என்று யாரும் சொல்லித் தரவில்லையா? நானும் மாமியும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா, விடவில்லை.

டயர் நாலும் பூட்டியாயிற்று. பலாக்கட்டையைச் சின்னத்தம்பி எடுத்துவிட்டார். வண்டி தரையில் நிற்கிறது. இழுக்கும்போது பின் டயருக்குக் காற்று கூட்டுங்கள், பவுசரைக் கழற்றினால் குறைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் மெதுவாக ஓட்டுங்கள், புது ரப்பர் பாதையைப் பழக வேண்டும்.

கடையை நான் விட மாட்டேன். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன். மேலே தண்ணீர் வேலையை நீங்களும் விட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதையை இனி இந்த டயர் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். வெள்ளை எழுத்தை உள்ளே திருப்பிப் பூட்டச் சொன்னேன். எனக்கு வெள்ளை போதும்.

இதை எழுதப் பேனா தந்தது நப்லா. அவள் லொறிக்குள் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் சிரிக்கிறாள்.

நாளைக்குப் பதினான்கு. டயர் விஷயமாக வருவதாக இருந்தால் வர வேண்டாம், அது முடிந்துவிட்டது. வேறு விஷயமாக வருவதாக இருந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆஸியா